காற்று அடிக்கும்போது காரை நிரப்ப விடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் மதுரைக்காரர் ஒருவர், மின்சாரக் கார் என்பது புகைக்குழாயை ஊருக்கு வெளியே தள்ளிவைத்த கார், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தார். டீக்கடையில் படித்தேன். டீ ஆறிப்போனது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மறுத்து எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதியை ஒத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. மீதிப் பாதிக்காக இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்; வெட்டுவதாக இருந்தால் மாருதிக் கதையை வெட்டுங்கள், ஆடி ராத்திரியை வெட்டாதீர்கள்.

நான் பணகுடியில் 38 வருஷம் மோட்டார் காயில் கட்டினவன். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் என்று எது எரிந்து வந்தாலும் பிரித்து, கரிந்த கம்பியை உருவிப் போட்டு, பேப்பர் வைத்து, புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றி அனுப்புவோம். கடை இப்போது தம்பி மகன் கையில். காலையில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து குறை சொல்லிவிட்டு வருவதோடு என் வேலை முடிந்தது.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் நாலுவழிச் சாலையில் வள்ளியூர் தாண்டினால் பணகுடி. அதைத் தாண்டினால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி. மலை அங்கே வாய் பிளந்து நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாய் வழியாகத்தான் பாய்கிறது. வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை ஓயாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே அம்மியைத் தேடிப் போன ஆளையும் பிடித்து நிறுத்த வேண்டும். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள்; எங்கள் பேச்சில் காத்தாடிகள்.

1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் முதல் காத்தாடிகளை நட்டபோது பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தவன் நான். இன்றைய காத்தாடிக்குப் பக்கத்தில் வைத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் 55 கிலோவாட். 90-களில் கோயம்புத்தூர், ராஜபாளையத்து மில் முதலாளிகள் வந்து இறங்கினார்கள். காத்தாடி வைத்தால் முதல் வருஷமே அதன் விலை முழுவதையும், 100 சதவீதம், தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அன்று சட்டம் இருந்தது. காற்றைப் பார்த்து வந்தவர் சிலர், வரியைப் பார்த்து வந்தவர் பலர். எப்படியோ வந்தார்கள், எங்களுக்கும் வேலை வந்தது. இன்று தமிழ்நாட்டில் காற்றாலை 10,000 மெகாவாட்டுக்கு மேல்.

எரிந்துபோன காத்தாடி ஜெனரேட்டர் முதல்முறை கடைக்கு வந்த அன்று, ஏதோ சீமைச் சாமான் என்று பயந்துகொண்டே பிரித்தேன். உள்ளே பார்த்தால் நம்ம கிணற்று மோட்டார்! பெரிசு, அவ்வளவுதான். நாலு போல் (காந்த முனை) மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் நிமிஷத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றும். உள்ளே காந்தப்புலம் சுற்றுவது 1,500. வெளியிலிருந்து எதையாவது மாட்டி அதை 1,500-க்கு மேல் தள்ளிவிட்டால், கரண்டைத் தின்றுகொண்டிருந்த மோட்டார் கரண்டைத் திருப்பிக் கக்க ஆரம்பித்துவிடும். அந்தக் காலத்து 225, 250 கிலோவாட் காத்தாடியின் வயிற்றில் இருந்தது இதுதான். மின்சாரக் கார் இறக்கத்தில் இறங்கும்போது பாட்டரிக்குக் கொஞ்சம் திரும்பி வருகிறதே, அதுவும் இதே சங்கதி. கிணறு, காத்தாடி, கார் மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அதனால்தான் தைரியமாக மாருதியில் கை வைத்தேன். 1998 மாடல் மாருதி 800. எஞ்சின் புகை கக்கித் தோட்டத்து ஷெட்டில் கோழி அடையும் இடமாகிக் கிடந்தது. எஞ்சினை இறக்கினோம். 415 வோல்ட்டுக்குக் கட்டியிருந்த பழைய 5 எச்.பி. மோட்டார் ஒன்றைப் பிரித்து, பாட்டரியின் குறைந்த வோல்ட்டுக்கு ஏற்பச் சுற்றை எட்டில் ஒரு பங்காகக் குறைத்து, கம்பிக் கனத்தை எட்டு மடங்காக்கிக் கட்டினேன். அவ்வளவு கனமான ஒற்றைக் கம்பி ஸ்லாட்டில் வளையாது. மெல்லிய கம்பிகளைக் கத்தை சேர்த்துச் சடை பின்னுவது மாதிரி இறக்க வேண்டும். மூன்று நாள் ஆயிற்று. விரல் நுனி வெடித்துவிட்டது. 72 வோல்ட் கன்ட்ரோலர் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வந்தது. பாட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் 24. ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர். மொத்தம் ஏழரை யூனிட் சொச்சம் பிடிக்கும். பழைய கியர்பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு, நடுவில் ஒரு பிளேட்டை வள்ளியூர் லேத்தில் கடைந்து மோட்டாரை அதில் உட்கார வைத்தோம்.

முதல் நாள் பத்து அடி போயிருக்கும். "டக்" என்று ஒரு சத்தம். மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. பிளேட் அரை மில்லி விலகியிருந்ததால், மோட்டாரையும் கியரையும் பூட்டும் ஷாஃப்ட் கீ வெட்டிக்கொண்டது. லேத்துக்காரர் என்னைச் சொன்னார், நான் அவரைச் சொன்னேன். அளவெடுத்தது நான்தான். அவரிடம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது அது தோட்டத்தில் வாழைத்தார் சுமக்கிறது. பம்ப்செட் ஷெட் மேல் 540 வாட் சோலார் பலகை ஆறு போட்டிருக்கிறேன். நல்ல வெயில் நாளில் 12 யூனிட்டுக்குக் குறையாது. வண்டிக்குப் போக மிச்சம் மோட்டாருக்கு. ரோட்டுக்கு மட்டும் எடுப்பதில்லை. வண்டியை மின்சாரத்துக்கு மாற்றினால் சோதனை நிறுவனம் ஒப்புதல் தந்த கிட்டை (மாற்றும் சாமான் தொகுப்பை), அனுமதி பெற்ற இடத்தில்தான் பொருத்த வேண்டும், ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்ற வேண்டும் என்பது விதி. விதி சரிதான். நான் கட்டிய பிரேக்கை நம்பி எதிரே வருகிறவன் ஏன் சாக வேண்டும்? ஆனால் பத்துக் காயில் கடைக்காரர்கள் சேர்ந்தாலும் ஒரு கிட்டைச் சோதனைக்கு அனுப்பும் செலவைத் தாங்க மாட்டோம். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மதுரை வாசகரின் கணக்குக்கு வருகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. சின்னக் கார் அதில் 18 கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள். மின்சாரக் கார் அதே தூரத்துக்கு இரண்டரை யூனிட் குடிக்கும். அந்த யூனிட் முழுக்க நிலக்கரியில் பிறந்தது என்றால் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. ஆக இரண்டரைக் கிலோ. பெட்ரோலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. ஊருக்குள் புகை இல்லை, சத்தம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்; அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. பாட்டரிக்கு லித்தியம் தோண்டும் சீமைகள் படும் பாட்டைப் பற்றி அவர் எழுதியதையும் நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் அவர் "மின்சாரம்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டார். கிணற்றுத் தண்ணீர் சித்திரையில் ஒரு மட்டம், ஐப்பசியில் ஒரு மட்டம். கரண்டும் அப்படித்தான். மாதத்துக்கு மாதம், மணிக்கு மணி அதன் பிறப்பு மாறும். நாடு முழுக்கச் சராசரி பார்த்தால் நிலக்கரிதான் முக்கால்வாசி. ஆடி மாதம் ராத்திரி எங்கள் ஊரில் நின்று பார்த்தால் கதை வேறு.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். போன ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தய்யனார் கோயிலுக்குப் போவதற்காக மகளும் மருமகனும் கோயம்புத்தூரிலிருந்து மின்சாரக் காரில் வந்தார்கள். 40 யூனிட் பாட்டரி. மதுரையில் ஒருமுறை வேகமாக நிரப்பிவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்தது கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஓட்டலில் என்று மருமகன் போனில் பார்த்து வைத்திருந்தார். போனால் சார்ஜர் திரை இருட்டாக நிற்கிறது. ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டால் பாட்டுப் பாடுகிறது. ஓட்டல் பையன், "மூணு நாளா இப்படித்தான் சார், தோசை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டானாம். தோசை சாப்பிட்டார்கள். அப்புறம் ஏசியை நிறுத்தி, 60-ஐத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு வந்தார்கள். வள்ளியூர் தாண்டியதும் எதிர்காற்று. பேரப்பிள்ளை பின் சீட்டிலிருந்து "13... 12... 11..." என்று ராக்கெட் விடுவது மாதிரி எண்ணிக்கொண்டே வந்ததாம். 9 சதவீதத்தில் வாசலில் நின்றது வண்டி.

வீட்டில் 15 ஆம்பியர் பிளக் ஒன்று இதற்கென்றே போட்டுவைத்திருந்தேன். சாதாரண வீட்டு வயரில் 13 மணி நேரம் ஒரே சீராகக் கரண்ட் ஓடினால் ஜாயின்ட் உருகும். கிரைண்டர் ஓடுவது அரை மணி, இது விடிய விடிய. அதனால் மெயினிலிருந்து தனியாகக் கனமான நாலு ஸ்கொயர் வயர், தனி எம்.சி.பி. (கரண்ட் கூடினால் தானே விழும் ஸ்விட்ச்), கரியும் உப்பும் போட்டுத் தனி எர்த் குழி. மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் வண்டியின் நிறத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் நல்லது. ராத்திரி 9 மணிக்கு மாட்டினார் மருமகன். மீட்டரைக் குறித்துக்கொண்டேன்.

11 மணிக்கு பிளக் சூடாகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க எழுந்து போனேன். சூடில்லை. காற்று ஆளைத் தள்ளுகிறது. பனைமட்டை உரசும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. மருமகனும் எழுந்து வந்தார். நிமிர்ந்து பார்த்தால், எங்கள் வீட்டுக்கு எதிரே காட்டில் நிற்கும் நாலு காத்தாடியில் மூன்று சுற்றவில்லை. நிலா இல்லாத ராத்திரி. இருந்தாலும் மேலே சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் தெரியும். இறக்கையைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு சும்மா நின்றன.

"மாமா, இவ்வளவு காத்துல ஏன் நிக்குது? ரிப்பேரா?" என்றார் மருமகன்.

சைட் ஆப்பரேட்டர் பையன் நமக்குத் தெரிந்தவன்தான். போன் போட்டேன். "ரிப்பேர் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. பேக்டவுன். மேல இருந்து நிறுத்தச் சொல்லிட்டாவ. காலைல ஆறு மணிக்குத்தான் விடுவாவ" என்றான்.

நானும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்தப் பக்கம் கார் மூன்று கிலோவாட் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் காற்றை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் நிறுத்துகிறார்கள்? யாரையும் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை, காரணம் இருக்கிறது. ராத்திரி 11-க்கு மேல் ஊர் தூங்கிவிடும். மழை பெய்து குளிர்ந்துவிட்டால் ஃபேன்கூட ஓடாது. தேவை சரியும். காற்று சரியாது. அனல் மின் நிலையத்தையோ வீட்டு அடுப்பு மாதிரி அணைக்க முடியாது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் இயந்திரம் ஐந்து இருக்கிறது. அந்த மாதிரி கொதிகலனை ஒரு அளவுக்குக் கீழே குறைத்தால் தீ நிற்காது. முழுக்க அணைத்துவிட்டால் மறுபடி ஏற்றிக் கொண்டுவர மணிக்கணக்காகும், சாயங்காலத் தேவைக்கு அது வேண்டும். ஆக, பட்டனைத் தட்டினால் நிற்கிற காத்தாடியைத்தான் நிறுத்துவார்கள். காற்றாலைக்காரர்கள் பல வருஷமாகப் புலம்புவது இதைத்தான்.

நின்றது பழைய 250 கிலோவாட் மெஷின் என்று வையுங்கள். நல்ல காற்றில் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் சுற்றினால் 250 யூனிட். யூனிட்டுக்குக் குறைத்து 6 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 1,500 கிலோமீட்டர். பணகுடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி வந்து, அப்புறம் கன்னியாகுமரிக்கும் ஒரு நடை போய்வரலாம். ஒரே ஒரு மெஷினின் ஒரே ஒரு மணி நேரம். ரெண்டு மெகாவாட் மெஷின்களைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

இதற்குத்தான் என் யோசனை. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் காதுக்கு எட்டினால் சரி. வீட்டு மீட்டருக்கு இன்று பகலும் ராத்திரியும் ஒன்று, மார்கழியும் ஆடியும் ஒன்று. ரெண்டு மாசத்துக்கு ஒரு கணக்கு, 500 யூனிட் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். அந்தக் காரை அன்று நிரப்பியதில் எங்கள் மீட்டரில் 40 யூனிட் ஓடியது. "மாமா, உங்க பில் எகிறிடும்" என்று மருமகன் காசை எடுக்க, நான் கோபிக்க, வீட்டுக்காரி வந்து ரெண்டு பேரையும் சத்தம் போட்டாள். வைகாசி முதல் புரட்டாசி வரை, ராத்திரி 11 முதல் காலை 5 வரை, காருக்கென்று தனி மீட்டரில் ஓடும் யூனிட்டுக்கு மட்டும் விலையைப் பாதியாகக் குறையுங்கள். அந்த 500 யூனிட் கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள். வண்டியில் நேரம் குறித்து வைக்கும் வசதி ஏற்கனவே இருக்கிறது. 11-க்குத் தானே தொடங்கும், 5-க்குத் தானே நிற்கும். யாரும் கண் விழிக்க வேண்டாம்.

ஒரு கார் மூன்று கிலோவாட். ஒரு லட்சம் கார் ஒரே நேரத்தில் மாட்டினால் 300 மெகாவாட். அதாவது தூத்துக்குடி அனல் நிலையத்தின் அந்த ஐந்து இயந்திரத்தில் ஏறத்தாழ ஒன்றரை. ராத்திரி மூன்று மணிக்கு அவ்வளவு தேவை புதிதாக முளைத்தால் எத்தனை காத்தாடியை நிறுத்தாமல் விடலாம்? ஒரு லட்சம் கார் எங்கே என்று கேட்பீர்கள். அதே தூத்துக்குடி சிப்காட்டில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலையை 2025 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். முதல் கட்டமே வருஷத்துக்கு 50,000 கார் செய்யும் அளவுக்குக் கட்டியது. ஸ்ரீபெரும்புதூரிலும் மின்சாரக் கார் செய்கிறார்கள். கார் செய்ய இடம் கொடுத்தாயிற்று, சலுகை கொடுத்தாயிற்று. அது எந்தக் கரண்டில் ஓடப்போகிறது என்பதற்கும் ஒரு வரி எழுதிவிட்டால் என்ன?

புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. பழைய காற்றாலை வைத்திருக்கும் மில்காரர்களுக்கு இது ஏற்கனவே உண்டு. 'பேங்கிங்' என்று பெயர். ஆடியில் விளைந்த யூனிட்டை வாரியத்தில் போட்டுவைத்து, ஒரு பங்கு கூலியாகக் கழித்தது போக, காற்றில்லாத தை மாசத்தில் எடுத்து மில்லை ஓட்டிக்கொள்வார்கள். நெல்லைக் குதிரில் போட்டு எடுப்பது மாதிரி. மில்காரர் போட்டு எடுக்கக் குதிர் இருக்கிறது. கார்க்காரன் குதிர் ஒன்றையே தலையில் சுமந்துகொண்டு வாசலில் நிற்கிறான், நெல்லைக் கொட்டுங்கள் என்கிறான். கொட்ட மாட்டேன் என்கிறோம்.

காற்றில்லாத மாசத்துக்கு என்ன என்று மதுரை வாசகர் கேட்கலாம். அப்போது வெயில் இருக்கிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லிருந்து நிற்கிறது. பங்குனி, சித்திரை மத்தியானத்தில் நிரப்பினால் அந்தக் கணக்கு. பகலில் வண்டி ஆபீஸ் வாசலில் நிற்கும், வீட்டில் நிற்காது என்பது ஒரு சங்கடம்தான். ஆபீஸில் பிளக் போட வேண்டும். என் மாருதிக்கு அந்தச் சங்கடம் இல்லை. அது ஆபீஸுக்குப் போவதில்லை.

காலையில் 10 மணி சுமாருக்குக் கார் நிரம்பியது. அதற்கு முன்னாடியே எதிர்க்காட்டு மெஷின்களை விட்டுவிட்டார்கள், நாலும் சுற்றின. நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ராத்திரி 9-க்கு 18,412. காலை 10-க்கு 18,452. ராத்திரி 11 முதல் காலை 6 வரை எதிர் மெஷின் மூணு நிறுத்தம். காற்று பலம்."

மதுரை வாசகர் ஆடியில் இந்தப் பக்கம் வந்தால் பணகுடியில் இறங்கி, காயில் கடை எங்கே என்று யாரையும் கேட்கலாம். மாருதியில் ஏற்றித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறேன். இறங்கும்போது மட்டும் கதவை ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் ஒரு கதவைக் காற்று மடக்கிவிட்டது.

இப்படிக்கு,
மோட்டார் காயில் மெக்கானிக் (ஓய்வு),
பணகுடி, திருநெல்வேலி மாவட்டம்